சிரம பரிகாரம்

எங்கள் தாத்தா காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், வந்த காரியம் என்னவென்று உடனே கேட்கமாட்டார்கள். கால் அலம்பச் செம்பில் தண்ணீர் வரும். திண்ணையில் பாய் வரும். விசிறி வரும். பானையிலிருந்து மோர் வரும். "கொஞ்சம் சிரம பரிகாரம் பண்ணிக்கொள்ளுங்கள்; அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். வந்தவர் கடன் கேட்க வந்தவரானாலும் சரி, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரானாலும் சரி, அந்த அரை மணி நேரம் அவருக்குச் சொந்தம்.

இப்போது அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்கவில்லை. வார்த்தை போனால் போகட்டும். அதோடு காரியமும் போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தம் எனக்கு எப்படி வந்தது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் பார்க்க ஆசைப்பட்டு, தேருக்கு முதல் நாள் மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் என் சித்தி இருக்கிறாள். ஊர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பஞ்சாலைகளின் ஊர். மேற்கே பெரிய மலைத் தொடர். ஊரை ஒட்டிச் சஞ்சீவி மலை என்றே ஒரு குன்று. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். "ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத் துணி நெய்கிறோம், சஞ்சீவி மலையையும் வாசலில் வைத்திருக்கிறோம். எங்கள் அலுப்புக்கு மட்டும் மருந்து கிடையாது" என்பார் சித்தப்பா.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது, கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாள் சித்தி! அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவள். தினம் சுமார் 12 கிலோ மீட்டர் பஸ்ஸில் போய் வருகிறாள். உட்கார இடமில்லை. நான் எழுந்திருந்தேன்; "நீ மதுரையிலிருந்து வருகிறாய், உட்காரு" என்று தோளைப் பிடித்து அழுத்திவிட்டாள். கையில் பரீட்சைப் பேப்பர் கட்டோடு ராஜபாளையம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வாசற்படி ஏறினோம். எனக்கு நாற்காலி கிடைத்தது, மின்விசிறி கிடைத்தது, "ஏம்மா, முதல்ல இந்த மோரைக் குடி, அலுப்புத் தீரட்டும்" என்ற உபசாரமும் கிடைத்தது. உபசாரம் பண்ணினவள் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். ஏனென்றால், ஆறரை மணிக்குள் சித்தப்பாவுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கட்டிக் கொடுக்க வேண்டும்.

சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வருஷம் ஒரு நூற்பாலையில் இருந்தவர். 58-ல் வெளியே வந்தார். பிராவிடண்டு பண்டுப் பணம் பெண்ணின் கல்யாணத்தோடு போயிற்று. ஆலைத் தொழிலாளிகளுக்கு உரிய பென்ஷன் திட்டத்தில், 2014-ம் வருஷம், மாதம் 1,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று வைத்தார்கள். சித்தப்பாவுக்கு வருவது அதைவிடச் சற்று அதிகம். வீட்டுக் கடன் தவணைக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே 61-வது வயதில் ஒரு கிட்டங்கியில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை. வாரத்தில் ஆறு இரவு.

அன்று நான் மோரைக் குடித்து முடிக்கவில்லை. அடுப்பங்கரையில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், சித்தி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை. "ஒன்றுமில்லை, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அடுப்பை அணைச்சுடு" என்கிறாள். கீழே விழுந்த பிறகும் அடுப்பு ஞாபகம்!

ஆட்டோ வைத்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். ரத்த அழுத்தம் ஏகமாக ஏறியிருந்தது. இருதயப் பரிசோதனை செய்து, பயமில்லை என்று சொன்ன பிறகு, அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதிலே நிற்கின்றன.

"பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் என்ன செய்வீர்கள்?"

"காப்பி போடுவேன்."

"அப்புறம்?"

"ராத்திரிச் சமையல்."

"அப்புறம்?"

"பாத்திரம், மறுநாளைக்கு மாவு, பேப்பர் திருத்துவது."

"ஓய்வு எப்போது?"

"அடுத்த மே மாதம், டாக்டர்!"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சித்திக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. அவள் சொன்னது சர்க்கார் ஓய்வு. வயது 59 நடக்கிறது. பழைய கணக்குப்படி 58-ல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஓய்வு வயதை 2020-ல் 59 ஆக்கி, 2021-ல் 60 ஆக்கிற்று. "சர்க்கார் இரண்டு வருஷச் சம்பளம் கூடக் கொடுத்தது, முழங்காலுக்கு யார் இரண்டு வருஷம் கொடுப்பார்கள்?" என்று அவளே சொல்வதுண்டு.

"அது பென்ஷன் ஓய்வு அம்மா. நான் கேட்டது இன்றைய ஓய்வு" என்று டாக்டர் விளக்கினார். வேலை செய்யும்போது இருதயம் வேகமாக அடிக்கிறது. ரத்த அழுத்தம் சற்று ஏறுகிறது. உடம்பு விழிப்போடு இருப்பதற்காகச் சில சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்கின்றன. இதில் கெடுதல் ஒன்றும் இல்லை. வேலை நின்றதும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்குவதற்குள் இன்னொரு வேலையைத் தூக்கித் தலையில் வைத்தால், இன்றைய பாக்கியோடு நாளைய பொழுது விடியும். இளம் வயதில் ஒரு ராத்திரித் தூக்கத்தில் அந்தப் பாக்கி அடைபட்டுவிடும். ஐம்பதைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வருகிறது. கடன் மெதுவாகத்தான் அடைகிறது. அடையாத கடன் வட்டி போடும். அந்த வட்டிதான் ரத்த அழுத்தமாகவும், தூக்கமின்மையாகவும், காரணமில்லாத எரிச்சலாகவும் வருகிறது.

அன்றிரவு சித்தப்பா வேலைக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் சித்தி, "எனக்காக நீ தேரை விட்டுவிடாதே. எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வா" என்று என்னைத் துரத்திவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் வடபத்ரசாயியைச் சேவித்தேன். ஆலிலையில் பள்ளிகொண்டவர் என்பது திருநாமம். உலகத்தைப் பரிபாலிக்கிற உத்தியோகத்திலும் சாவகாசமாகப் படுத்திருக்கிறார். அதே ஊரில் பிறந்த ஆண்டாளோ திருப்பாவையில் தூங்கும் தோழியரையெல்லாம் எழுப்பி அழைத்துப் போகிறாள். நம் வீடுகளில் ஆண்டாள் கட்சிதான் ஜெயித்திருக்கிறது. பெண்களை விடியற்காலையில் எழுப்பக் கற்றுக்கொண்டோம். படுக்கச் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

தேர் புறப்பட்டது. அத்தனை பெரிய தேர் ஒரே மூச்சில் ஓடிவிடுகிறதா என்ன? வடம் பிடித்து இழுக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழுகிறது, தேர் நிற்கிறது. இழுத்தவர்கள் தண்ணீர் குடித்து, தோளைத் துடைத்து, மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். மறுபடி வடம் பிடிக்கிறார்கள். நாம் "காரியத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்று வையும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் வீட்டுச் சுவரில் போய் மோதும் என்பதை மறந்துவிடுகிறோம். சித்தியின் தேருக்குப் பல வருஷங்களாக முட்டுக்கட்டையே போடப்படவில்லை. முந்தின நாள் அது அடுப்பங்கரைச் சுவரில் மோதிற்று.

திரும்பும்போது பால்கோவா வாங்க ஒரு கடைக்குப் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளே பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்த பெரியவர், கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த பையனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம். மறுபடி போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டார். "பால் அடிப்பிடிக்காமல் இருக்கணும்னா கிண்டுறவன் அசந்து போகக் கூடாதும்மா" என்றார். வேலையின் நடுவே கிடைக்கும் ஐந்து நிமிஷம், வேலைக்கும் நல்லது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டித்தான் இருந்தது. சட்டம் போட்டே சொல்ல வேண்டியிருந்தது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே அரை மணியாவது ஓய்வு தரவேண்டும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். 2023 ஏப்ரலில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட இடம் தரும் திருத்தம் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றுகொண்டே புடைவை விரித்துக் காட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் உட்காருவதற்கு ஆசனம் வைத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டம் வந்தது. அடுத்த முறை பட்டுப் புடைவை வாங்கப் போகும்போது, அந்தப் பெண் உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்து, சித்தப்பாவோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு இரவுக்கு 12 மணி நேரம். ஆறு இரவுக்கு 72 மணி நேரம். உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, பக்கவாத அபாயம் 35 சதவிகிதம் அதிகம். இருதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவிகிதம் அதிகம். இப்படி நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை 60 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டவர்களுடையவை. 45 வயதுக்கு மேல் அவர்கள் அப்படி உழைத்தவர்கள். நடு வயதில் வாங்கிய கடனைக் காலன் பின்னால் வந்து வசூலிக்கிறான்.

சித்தப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஆலையிலே திங்கட்கிழமை நோவு என்று ஒன்று உண்டு, தெரியுமா?" என்றார். பஞ்சுத் தூசியிலேயே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் லீவுக்குப் பிறகு திரும்பிப் போகும்போது நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். வாரம் போகப் போகச் சற்றுத் தணியும். வைத்திய சாஸ்திரத்திலும் இதற்குப் பெயர் உண்டு. கவனிக்காமல் விட்டால் வருஷங்கள் போகப் போக எல்லா நாளுமே திங்கட்கிழமையாகிவிடும். "லீவு எடுத்ததால்தான் நோவு வந்தது என்று நினைத்து, லீவே எடுக்காமல் போன ஆட்களை எனக்குத் தெரியும்" என்றார். உண்மையில் அந்த ஒரு நாள் ஓய்வுதான் உள்ளே இருந்த நோயைக் காட்டிக்கொடுத்தது. ஓய்வைப் பழி சொல்லி என்ன லாபம்?

இனி, என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். பின்லாந்து தேசத்தில் நகரசபை ஊழியர்களில் 45 வயதைக் கடந்தவர்களை 1981-ல் தொடங்கிப் பதினொரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். வயது ஏறியும் வேலைத் திறன் யாருக்கு உயர்ந்தது என்று பார்த்தால், மூன்று காரணங்கள் தெரிந்தன: மேலதிகாரி மரியாதையாக நடத்தியது, ஒரே மாதிரியான அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது, ஓய்வு நேரத்தில் நன்றாகத் தேகப் பயிற்சி செய்தது. ஜெர்மானிய மனோதத்துவ நிபுணர் சபீனா சோன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்பவரோடு சேர்ந்து 2007-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளியிட்டார். உழைப்பின் களைப்புத் தீருவதற்கு நாலு வழிகளை அதில் பிரித்துச் சொல்லியிருக்கிறார். நாலும் நம் வீட்டிலேயே இருப்பவை. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

முதலாவது, வேலையை மனத்திலிருந்து இறக்கி வைப்பது. சித்தியின் பரீட்சைப் பேப்பர்கள் இப்போது பள்ளிக்கூடத்திலேயே, கடைசி மணி அடித்த பிறகு முக்கால் மணி நேரத்தில் திருத்தப்படுகின்றன. அதனால் கூட்டமில்லாத பஸ்ஸும் கிடைக்கிறது, உட்கார்ந்து வருகிறாள்.

இரண்டாவது, உடம்பைத் தளர விடுவது. வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் சித்தி அடுப்பங்கரைக்குள் நுழையக் கூடாது என்பது சித்தப்பா போட்ட உத்தரவு. உத்தரவு போடுவது சுலபம். அதற்காக அவர் காப்பி போடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் வாரக் காப்பி, சத்திரப்பட்டிப் பாண்டேஜ் துணியில் வடிகட்டியது போல் இருந்ததாம். இப்போது குடிக்கலாம் என்று கேள்வி.

மூன்றாவது, உத்தியோகத்துக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வது. களைத்தவளை இன்னொன்று கற்றுக்கொள் என்பதா என்று கேட்பீர்கள். மனசுக்கு மாறுதலே ஒரு ஓய்வு. முப்பது வருஷம் ஆண்டாள் ஊரில் வேலை பார்த்தும் சித்திக்குக் கதம்ப மாலை கட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்கிறாள்.

நாலாவது, நேரம் தன் கையில் இருப்பது. பெண்களுக்கு அருமையாகக் கிடைப்பது இதுதான். வீட்டுக்கு வந்தும் யாரோ கூப்பிடும் மணிக்கு ஓடிக்கொண்டிருந்தால், படுத்திருந்தாலும் அது ஓய்வாகாது. "இந்த அரை மணி என்னுடையது, தூங்கினாலும் சரி, பத்திரிகை படித்தாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி" என்று இருக்க வேண்டும். சும்மா இருக்கிற பெண்ணைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்காத வீடு பாக்கியம் பண்ணின வீடு!

சித்தப்பாவின் விஷயம் அத்தனை சுலபமாக முடியவில்லை. வயதானவர்களின் உடம்பு இரவு வேலைக்குப் பழகுவது கஷ்டம்; பகல் தூக்கம் குறைவாகவே வரும். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார்கள். காலை எட்டு மணி முதல் பகல் இரண்டு வரை வீட்டில் மிக்ஸி ஓடாது, தொலைக்காட்சி பேசாது. ஆனால் 72 மணி நேரத்தைத் திரை போட்டு மறைக்க முடியுமா? கடைசியில் முதலாளியிடம் பேசி, இன்னொருவரோடு காவலைப் பங்கு போட்டுக்கொண்டார். இப்போது எட்டு மணி நேரம்தான். மாதம் மூவாயிரம் ரூபாய் குறைகிறது. அந்த மூவாயிரத்துக்காகச் சித்தியும் அவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு சித்தியே சொன்னாளாம்: "தவணையை ஒரு வருஷம் நீட்டிக்கலாம், உங்களை நீட்டிக்க முடியாது."

ஒரு எச்சரிக்கை. ஓய்வு எல்லா நோய்க்கும் மருந்தல்ல. நெஞ்சு வலி, மூச்சு முட்டல், ஒரு பக்கம் கை கால் மரத்துப் போவது, பேச்சுக் குழறுவது, கண் இருட்டி விழுவது இவையெல்லாம் அசதி என்று படுத்துக்கொள்ளும் விஷயங்கள் அல்ல. அந்த நிமிஷமே டாக்டரிடம் போக வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால், தலைசுற்றல் நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. சித்தி மாத்திரையும் சாப்பிடுகிறாள். அரை மணியும் உட்காருகிறாள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் எழுதியிருந்தாள். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறதாம். அடுத்த ஆடிக்கு அவள் பென்ஷன்காரி. தேர் பார்க்க என்னோடு கூட வருவதாக வாக்களித்திருக்கிறாள். கடைசி வரி இது: "இந்த அரை மணியை முப்பது வருஷம் முன்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தால் யார் என்னை என்ன கேட்டிருப்பார்கள்? நான்தான் கேட்கவில்லை."

வாசக நேயர்களே, உங்கள் வீட்டிலும் இன்று மாலை யாரோ பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். கணவராக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். வந்ததும் பள்ளிக்கூடக் கட்டணத்தையும் பால் கணக்கையும் எடுக்காதீர்கள். ஒரு டம்ளர் மோர் கொடுத்து, பழைய வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்: "கொஞ்சம் சிரம பரிகாரம் பண்ணிக்கொள்ளுங்கள், அப்புறம் பேசலாம்." பஸ்ஸிலிருந்து இறங்கி வருவது நீங்களே ஆனால், யாரும் சொல்வதற்காகக் காத்திராமல் முதலில் உட்கார்ந்துவிடுங்கள். அடுப்பு அரை மணி காத்திருக்கும்.